கண்ணாடியில் நன்றாகக் கடத்தும் வெள்ளி மை சூரியக் கலத்தில் ஏன் கைவிடுகிறது?

வெள்ளவத்தை மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கொழும்பில் முதுதத்துவமாணிப் பட்டத்துக்காக, சிலிக்கன் சூரியக் கலங்களின் முன்பக்கத் தொடுகைகளை, அதாவது மின்னோட்டத்தை வெளியே எடுக்கும் உலோகக் கோடுகளை, அச்சிடத்தக்க வெள்ளி மையொன்றைத் தயாரிக்கும் வேலையில் பதினான்கு மாதங்களாக இருக்கிறேன். எங்கள் ஆய்வுகூடத்து வெற்றிட ஆவியாக்கியின் பம்பி பழுதடைந்து, மாற்றுப் பம்பி இன்று வரும் நாளை வரும் என்று காத்திருந்து அலுத்த பின்னரே அச்சிட்டுப் பார்க்கும் எண்ணம் எங்களுக்கு வந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மை, துணிக்கைகள் இல்லாத வகையைச் சேர்ந்தது. வெள்ளி அசற்றேற்றை அமோனியாக் கரைசலில் கரைத்து, போமிக் அமிலத்தைத் துளித்துளியாகச் சேர்த்து, 12 மணி நேரம் அடையவிட்டு, 0.2 மைக்ரோமீற்றர் வடியில் வடித்தெடுக்கிறேன். நிறமற்ற தெளிந்த திரவம். பழைய மேசை அச்சுப்பொறியொன்றின் வெற்று மைப்பெட்டியில் நிரப்பிக் கண்ணாடித் தகட்டில் அச்சிட்டு 120 பாகையில் அரை மணி நேரம் சூடாக்கினால், முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கிறது. நான்கு முனை அளவீட்டில் தடைத்திறன் ஏறத்தாழ 4 மைக்ரோ ஓம் சென்ரிமீற்றர் வருகிறது. தூய வெள்ளிக் கட்டியின் பெறுமானம் 1.59 என்பதால் இதில் எனக்குப் பெரிய குறையில்லை.

சிக்கல் கலத்தில்தான் தொடங்குகிறது. பின்புறம் அலுமினியம் சுடப்பட்டு, முன்புறம் கோடு எதுவும் இடப்படாத நீல நிறக் கலங்கள் சில எங்களிடம் உண்டு. அவற்றில் அச்சிட்டால் மின்னோட்டம் என்று சொல்லத்தக்கது எதுவுமே வருவதில்லை. நீலப் படை இடப்படாத, பொசுபரசு ஏற்றிய வெறும் சிலிக்கன் துண்டுகளில் அச்சிட்டால் கலம் வேலை செய்கிறது. ஆனால் திறந்த சுற்று வோல்ற்றளவு 0.56 ஆக இருக்கும்போது நிரப்புக் காரணி (கலம் தரும் உச்ச வலுவுக்கும், திறந்த சுற்று வோல்ற்றளவையும் குறுஞ்சுற்று மின்னோட்டத்தையும் பெருக்கி வருவதற்கும் உள்ள விகிதம்) 0.41ஐத் தாண்ட மறுக்கிறது. தொழிற்சாலைக் கலங்களில் 800 பாகைக்கு மேல் சுடுவார்கள் என்று படித்து, நீலக் கலமொன்றைப் பெட்டி உலையில் 850 பாகைக்குக் கொண்டுபோனேன். வெளியே எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, கோடு இருந்த இடத்தில் கோடு இல்லை. நூல் அறுந்து சிதறிய மணிகளைப் போல வெள்ளி முத்துக்கள் வரிசையாகக் கிடந்தன.

மை தவறா, அச்சு தவறா, சூடு தவறா என்று பிரித்தறிய முடியவில்லை. வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

திரைக்காரர் எழுதியது:

மலேசியாவில் கலத் தொழிற்சாலையொன்றின் அச்சுப் பகுதியில் பதினொரு வருடங்கள் நின்றுவிட்டு இப்போது கொட்டாஞ்சேனையில் இருப்பவன் நான். உங்கள் மையின் இரசாயனத்தைப் பற்றி இங்கே என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். தொடுகையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அந்த நீலப் படை சிலிக்கன் நைத்திரைட்டு. தடிப்பு ஏறத்தாழ 75 நனோமீற்றர்தான். ஆனாலும் அது மின்னைக் கடத்தாத காவலி. 120 பாகையில் சுட்ட உங்கள் வெள்ளி அதன் மேலே அழகாக உட்கார்ந்திருக்கிறதே தவிர, கீழேயுள்ள சிலிக்கனை அது கண்டதே இல்லை. கண்ணாடியில் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் இங்கும் இருக்கிறது.

தொழிற்சாலையில் வலைத் திரை வழியே அழுத்தி அச்சிடும் பசையில் வெள்ளித் தூள், எதைல் செலுலோசும் தேர்ப்பினியோலும் போன்ற சேதன ஊடகம், கொஞ்சம் கண்ணாடித் தூள் ஆகிய மூன்றும் இருக்கும். நிறையில் பெரும்பங்கு வெள்ளி. கண்ணாடித் தூள் ஒரு சில சதவீதமே. ஆனால் கதவைத் திறப்பது அந்தச் சில சதவீதம்தான். அதிலுள்ள ஈய ஒட்சைட்டு உருகி நைத்திரைட்டோடு தாக்கமுற்று அதைத் தின்றுகொண்டு கீழே இறங்குகிறது. உருகிய கண்ணாடியில் கொஞ்சம் வெள்ளியும் கரைகிறது. ஆறும்போது அந்த வெள்ளி சிலிக்கனின் மேற்பரப்பில் சிறுசிறு பளிங்குகளாகப் படிகிறது. மின்னோட்டம் வெளியே வருவது அந்தப் பளிங்குகள் வழியாகவும், இடையிலுள்ள மெல்லிய கண்ணாடிப் படை வழியாகவும். ஈயத்துக்குப் பதிலாகப் பிஸ்மத்தும், அண்மைக் காலத்துப் பசைகளில் தெலூரியமும் சேர்க்கிறார்கள். நடக்கும் வேலையின் அடிப்படை மாறுவதில்லை. உங்கள் மையில் அந்த வேலையைச் செய்ய எதுவுமே இல்லை.

அடுத்தது உலை. நாங்கள் பயன்படுத்தியது ஓடும் பட்டி உலை. கலம் உள்ளே போய் வெளியே வர ஒரு நிமிடம் அளவில் ஆகும்; உச்ச வெப்பநிலையில் நிற்பது ஒரு சில விநாடிகள் மட்டுமே. பெட்டி உலையில் கலத்தை வைத்து ஏற்றி இறக்கும்போது அது பல நிமிடங்கள் அந்தச் சூட்டில் வேகிறது. வெள்ளி 962 பாகையில்தான் உருகும் என்று நினைத்திருப்பீர்கள். மெல்லிய வெள்ளிப் படை உருகுவதற்கு வெகு முன்பே தன் மேற்பரப்பைக் குறைத்துக்கொள்ள முத்துக்களாக உருளும். அதற்கும் மேலாக, வெள்ளியும் சிலிக்கனும் நேரே தொட்டுக்கொண்டால் இரண்டும் கூட்டாக ஏறத்தாழ 840 பாகையிலேயே உருகிவிடும். பொசுபரசு ஏற்றிய மேற்படையும் கீழுள்ள சிலிக்கனும் சேரும் எல்லையான சந்தியின் ஆழம் அரை மைக்ரோமீற்றர் அளவில்தான். வெள்ளி அதைக் குத்திக்கொண்டு போனால் கலம் குறுஞ்சுற்றாகிவிடும். உங்களுக்கு முத்தோடு போனது நல்ல காலம் என்றே சொல்வேன்.

ஒரு கேள்வி. உங்கள் விரல் கோட்டின், அதாவது கலத்தின் முகத்தில் மின்னோட்டத்தைத் திரட்டும் மெல்லிய கோட்டின், உயரம் என்ன? அகலத்தைக் கேட்கவில்லை, உயரம். நாங்கள் காலையில் வேலைக்கு வந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இரசாயனி எழுதியது:

மேலே எழுதியவர் கேட்ட உயரத்தை மையின் பக்கத்திலிருந்தே ஓரளவுக்குக் கணக்கிடலாம். நிறையில் ஐந்தில் ஒரு பங்கு வெள்ளியுள்ள மை என்று எடுத்துக்கொள்வோம். ஒரு மில்லிலீற்றர் மை 1.2 கிராம் இருக்குமானால் அதில் வெள்ளி 0.24 கிராம். வெள்ளியின் அடர்த்தி 10.49. ஆகவே அந்த ஒரு மில்லிலீற்றரில் உண்மையான வெள்ளியின் கனவளவு 0.023 மில்லிலீற்றர்தான். நூறு துளி அச்சிட்டால் இரண்டு துளிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் உலோகம் மிஞ்சும்; மற்றதெல்லாம் ஆவியாகவும் வாயுவாகவும் போய்விடும். 10 மைக்ரோமீற்றர் உயரத்துக்கு ஈரமாக நிற்கும் கோடு உலர்ந்த பின் கால் மைக்ரோமீற்றர் உயரத்துக்குக்கூட வராது. திரைப் பசையிலோ கனவளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக வெள்ளி இருக்கும்.

ஆகவே உங்கள் மையில் குற்றம் காண எனக்கு மனமில்லை. நீங்கள் சொல்லும் தயாரிப்பு முறை 2012இல் இலினோய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வோக்கரும் லூயிசும் வெளியிட்ட முறையின் வழிவந்தது. 90 பாகையிலேயே கட்டி வெள்ளிக்கு இணையான கடத்துதிறனை அவர்கள் காட்டினார்கள். சூடு தாங்காத தளங்களில் நுண்ணிய கோடு வரைவதற்கு அதைப்போல எளிய மை குறைவு. உயரமான கோடு வேண்டுமென்றால் அது தானாக வந்துவிடாது.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நீங்கள் மையை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. அமோனியா கலந்த வெள்ளிக் கரைசலைப் போத்தலில் நாட்கணக்கில் விட்டு வைக்காதீர்கள், முக்கியமாக உலரவிடாதீர்கள். உலரும்போது படியும் கறுப்புப் பொருளில் வெள்ளி நைத்திரைட்டு உருவாகலாம். அது தொட்டாலே வெடிக்கக்கூடியது. போமிக் அமிலம் இருப்பதால் உங்கள் மை சாதாரண அமோனியா வெள்ளிக் கரைசலைவிடச் சற்று அமைதியானது என்றாலும், மூடியின் புரிகளில் உலர்ந்த விளிம்பைக் கண்டால் அதைச் சுரண்ட வேண்டாம். தேவைக்கு மட்டும் சிறிதளவு தயாரித்து, மிச்சத்தை அன்றன்றே நிறைய நீரால் ஐதாக்கி, ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தால் அமிலப்படுத்தி, வெண்ணிற வெள்ளிக் குளோரைட்டாக வீழ்படிய வைத்துவிடுங்கள். வெள்ளியை அதிலிருந்து பின்னர் மீட்டுக்கொள்ளலாம்.

குளோரைட்டு என்றதும் இன்னொன்று. கொழும்புக் குழாய்த் தண்ணீரில் கழுவிய பாத்திரத்தில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலை ஊற்றினால் கழுநீர் போலக் கலங்கும். எல்லோரும் ஒரு தடவையாவது பார்த்திருப்போம். அந்தத் துகள்கள்தான் பிறகு அச்சுத் தலையின் துளைகளில் போய் அடைக்கின்றன. கடைசிக் கழுவல் காய்ச்சி வடித்த நீரில் இருக்கட்டும். வெள்ளியைச் செட்டியார் தெருவில் வாங்கி நீங்களே நைத்திரிக் அமிலத்தில் கரைப்பதாக இருந்தால், கரைசலின் நிறத்தைப் பாருங்கள். நீலச் சாயல் தெரிந்தால் செம்பு கலந்திருக்கிறது என்று பொருள். நகை வெள்ளியில் அது சாதாரணம். கலத்தில் அது நஞ்சு, ஏனென்றால் செம்பு சிலிக்கனுக்குள் விரைவாகப் பரவி அதன் தரத்தைக் கெடுத்துவிடும். அச்சுப்பொறியின் மை ஓடும் வழியில் பித்தளைப் பாகம் எதுவும் இருக்கக் கூடாது. வெள்ளி அங்கேயே படிந்துவிடும்.

வெள்ளவத்தை மாணவி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. போத்தலைப் பற்றிய எச்சரிக்கையைப் படித்ததும் எழுந்துபோய் அலமாரியைத் திறந்து பார்த்தேன். மூன்று வாரப் போத்தலொன்று இருந்தது. திரவமாகத்தான் இருந்தது, மூடியைத் திருகாமல் அப்படியே தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, நீருக்குள்ளேயே திறந்து, நீங்கள் சொன்னபடி அப்புறப்படுத்தினோம். செட்டியார் தெரு வெள்ளியைப் பற்றியும் எப்படியோ சரியாகக் கண்டுபிடித்துவிட்டீர்கள். என் முதல் மூன்று மாதத்து மை முழுவதும் அந்த நீலச் சாயலோடு இருந்ததுதான். இப்போது அசற்றேற்றைத் தயாரிக்க, வாங்கிய நைத்திரேற்றையே பயன்படுத்துகிறேன்.

உயரத்தை ஐயா கேட்டபடி அளந்தோம். ஒரு தடவை அச்சிட்ட கோட்டின் நடுவில் 0.3 மைக்ரோமீற்றர். அகலம் 90 மைக்ரோமீற்றர் அளவில். ஓரங்கள் நடுவைவிட உயர்ந்து, தேநீர்க் கறை வளையம்போல இருக்கின்றன.

வெறும் சிலிக்கன் துண்டு 2 சென்ரிமீற்றருக்கு 2 சென்ரிமீற்றர். விரல்கள் பத்து, இடைவெளி 2 மில்லிமீற்றர். ஒரு பக்க ஓரமாக 1.5 மில்லிமீற்றர் அகலமான சேகரிப்புக் கோடு, அதுவும் அதே மையில்தான். கவ்வியை அதன் ஒரு முனையில் மாட்டுகிறேன். குறுஞ்சுற்று மின்னோட்டம் சதுர சென்ரிமீற்றருக்கு 24 மில்லி அம்பியர். நைத்திரைட்டை ஐதரோபுளோரிக் அமிலத்தால் அகற்றலாம் என்று ஒரு கட்டுரையில் இருந்தது. எங்கள் ஆய்வுகூடத்தில் அந்த அமிலத்துக்கு அனுமதியில்லை, கேட்கவும் நான் விரும்பவில்லை. வெறும் சிலிக்கனில் தொடுகை சரியாக அமையாததுதான் நிரப்புக் காரணியைக் கெடுக்கிறதா? சிலிக்கனுக்குப் பதிலாக அயடைட்டுச் சேர்மப் படை கொண்ட பெரோவ்ஸ்கைட்டுக் கலங்களுக்கு இந்த மை பொருந்துமா என்றும் மேற்பார்வையாளர் கேட்கிறார்.

பௌதிகன் எழுதியது:

யாழ்ப்பாணத்தில் படித்து இப்போது கொழும்பில் கற்பிப்பவன். நீங்கள் தந்த எண்களே விடையைச் சொல்லிவிடுகின்றன. ஒருமுறை கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

விரலின் குறுக்குவெட்டு 90க்கு 0.3, அதாவது 27 சதுர மைக்ரோமீற்றர். 4 மைக்ரோ ஓம் சென்ரிமீற்றர் தடைத்திறனுக்கு, ஒரு சென்ரிமீற்றர் நீளத்துக்குத் தடை ஏறத்தாழ 15 ஓம். 2 சென்ரிமீற்றர் விரலுக்கு 30 ஓம். ஒவ்வொரு விரலும் 0.4 சதுர சென்ரிமீற்றரிலிருந்து மின்னோட்டத்தைத் திரட்டுகிறது, அது 9.6 மில்லி அம்பியர். மின்னோட்டம் நுனியிலிருந்து அடிவரை படிப்படியாகக் கூடுவதால் பாதித் தடையை எடுத்தால் போதும். நுனிக்கும் அடிக்கும் இடையே 0.14 வோல்ற்று வீழ்கிறது. சேகரிப்புக் கோட்டையும் இதேபோலப் பாருங்கள். அதன் தடை ஏறத்தாழ 1.8 ஓம், பத்து விரல்களின் 96 மில்லி அம்பியரும் ஒரே முனையில் மாட்டிய கவ்வியை நோக்கி ஓடுகின்றன, அங்கே இன்னும் 0.09 வோல்ற்று. தூரத்து மூலையில் பிறக்கும் மின்னோட்டம் கவ்விக்கு வந்துசேர்வதற்குள் 0.23 வோல்ற்று தொலைகிறது. மொத்தமே 0.56 உள்ள கலத்தில் இதைத் தொலைத்துவிட்டுத் தொடுகையைக் குறை சொல்வது நியாயமில்லை.

ஒப்பீட்டுக்கு, 40 மைக்ரோமீற்றர் அகலமும் 15 மைக்ரோமீற்றர் உயரமும் உள்ள திரை அச்சு விரலுக்கு, தடைத்திறன் 3 என்று வைத்தால், ஒரு சென்ரிமீற்றருக்கு அரை ஓம். அதே துண்டில் வீழ்ச்சி 5 மில்லி வோல்ற்று. அவர்களுடைய வெள்ளியின் தடைத்திறன் உங்களுடையதைவிடப் பெரிதாகச் சிறந்ததல்ல. தடைத்திறனைப் பெருமையாக எழுதும் ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் கோட்டின் குறுக்குவெட்டு எங்கேயும் இருப்பதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

தொடுகையில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அதைத் தனியாக அளந்த பிறகே பேச வேண்டும். பொசுபரசு ஏற்றிய அதே சிலிக்கனில் 5 மில்லிமீற்றர் அகலமான ஒடுங்கிய பட்டியை வெட்டி, அதற்குக் குறுக்காக ஒரே அகலத்தில் கோடுகளை 1, 2, 3, 4, 5 மில்லிமீற்றர் இடைவெளிகளில் அச்சிடுங்கள். அடுத்தடுத்த சோடிகளுக்கிடையே தடையை அளந்து இடைவெளிக்கு எதிராக வரையுங்கள். கோடு நேராக வந்தால், அது தடை அச்சை வெட்டும் இடம் தொடுதடையின் இரண்டு மடங்கு. சாய்விலிருந்து சிலிக்கனின் தாள் தடை, அதாவது அந்த மேற்படையின் ஒரு சதுரத் துண்டுக்குரிய தடை, வரும். இதில் ஒரு பொறி இருக்கிறது. உங்கள் கோட்டின் சொந்தத் தடையே இவ்வளவு பெரிதாக இருக்கும்போது, மெல்லிய கோடுகளில் அளந்தால் அதைத்தான் தொடுதடை என்று எண்ணிக்கொள்வீர்கள். ஆகவே இந்தச் சோதனைக்கு 1 மில்லிமீற்றர் அகலமான கோடுகளைப் பல தடவை மேலுக்கு மேல் அச்சிடுங்கள். முனைகளைக் கோட்டின் நடுவில் வையுங்கள்.

கோட்டை உயர்த்த மூன்று வழிகள் தெரிகின்றன. தட்டை 60 பாகை அளவில் சூடாக வைத்து, ஒவ்வொரு படையையும் உலரவிட்டுத் திரும்பத் திரும்ப அச்சிடுவது முதலாவது. சலிப்பான வேலை, ஆனால் உங்களிடம் உள்ள பொருட்களே போதும். உயர்ந்த ஓரம் பற்றிச் சொன்னீர்கள். துளியின் விளிம்பில் நீர் விரைவாக ஆவியாவதால் உள்ளிருக்கும் திரவம் கரைபொருளை இழுத்துக்கொண்டு ஓரத்துக்கு ஓடுவதை 1997இல் டீகனும் சிக்காகோ குழுவினரும் விளக்கினார்கள். மெதுவாக ஆவியாகும் கிளைக்கோல் வகையொன்றைச் சிறிதளவு சேர்த்தால் அது தணியும். கோழிமுட்டையில் உப்பைப் போல அளவோடு சேருங்கள், கூடினால் 120 பாகையில் அது முழுதாகப் போகாது.

இரண்டாவது, அச்சிட்ட மெல்லிய கோட்டை வித்துப் படையாக மட்டும் வைத்துக்கொண்டு அதன்மேல் மின்முலாம் இட்டுத் தடிப்பாக்குவது. ஜெர்மனியின் பிரைபேர்க்கிலுள்ள பிரவுன்ஹோபர் நிறுவனத்தார் நுண்துளி வளித்தாரையால் வித்துக் கோட்டை அச்சிட்டு, கலத்தின் மேல் ஒளியைப் பாய்ச்சி, கலத்தின் சொந்த வோல்ற்றளவையே பயன்படுத்தி முலாமிட்டுக் காட்டினார்கள். ஒளி பட்டதும் முன்பக்கம் எதிர்முனையாகிவிடுகிறது. கரைசலிலுள்ள உலோக அயன்கள் அங்கே போய்ப் படிகின்றன. வெள்ளி முலாமின் பழைய கரைசல்கள் சயனைட்டு கொண்டவை. ஐதரோபுளோரிக் அமிலத்தைக் கேட்க விரும்பாத நீங்கள் இதையும் கேட்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். சயனைட்டு இல்லாத கரைசல்கள் இருக்கின்றன. மெல்லிய நிக்கல் படைக்கு மேல் செம்பு இடுவது இன்னும் மலிவு. செம்பு உள்ளே பரவாமல் நிக்கல் தடுக்கும். உலகில் ஒரு வருடத்துக்குத் தேவைப்படும் வெள்ளியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் இப்போது சூரியக் கலங்களுக்குப் போவதால், தொழிற்சாலைகளும் செம்பின் பக்கம் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன.

மூன்றாவது, மையை அதற்கேற்ற கலத்துக்குக் கொண்டுபோவது. பளிங்குருவற்ற சிலிக்கன் படையுள்ள கலப்புச்சந்திக் கலங்களை 200 பாகைக்கு மேல் சூடாக்கினால், அந்தப் படையிலுள்ள ஐதரசன் வெளியேறி மேற்பரப்புக் கெட்டுவிடும். அதனால் அங்கே கண்ணாடித் தூளுக்கும் 800 பாகைக்கும் இடமே இல்லை. மேற்பரப்பில் நைத்திரைட்டுக்குப் பதிலாகக் கடத்தும் இந்தியம் தகர ஒட்சைட்டு இருப்பதால் வெள்ளி அதை நேரே தொட்டாலே போதும். உங்கள் மையின் 120 பாகை அங்கே பெரும் பலம். பெரோவ்ஸ்கைட்டுக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். நீரும் அமோனியாவும் அந்தப் படையைக் கண்ணெதிரே மஞ்சளாக்கிக் கரைத்துவிடும். அதைத் தவிர்த்தாலும் வெள்ளி நாளடைவில் அயடைட்டோடு சேர்ந்து வெள்ளி அயடைட்டாகிறது.

மையை இங்க்ஜெட்டால் கலத்தில் இடும் முயற்சி புதியதல்ல. 1988இலேயே டெங்கும் வெஸ்டும் சேதன வெள்ளி மையை இப்படி அச்சிட்டிருக்கிறார்கள். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் தொழிற்சாலைகளில் திரையே நிற்பதற்கு மேலே போட்ட கணக்கும் ஒரு முக்கிய காரணம்.

திரைக்காரர் எழுதியது:

பௌதிகன் தம்பி போட்ட கணக்கைத்தான் நான் உயரம் என்ற ஒரு சொல்லில் கேட்டேன். படித்தவர்கள் எழுதினால் அழகாகத்தான் இருக்கிறது.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். சேகரிப்புக் கோட்டை மையில் வரைந்து நேரத்தை வீணாக்க வேண்டாம். செம்புத் தகட்டுப் பட்டியொன்றை அதன் முழு நீளத்துக்கும் கடத்தும் வெள்ளிப் பசையால் ஒட்டிவிட்டு, கவ்வியைப் பட்டியில் மாட்டுங்கள். அந்த 0.09 வோல்ற்று இன்றைக்கே திரும்பி வரும். செம்பு சிலிக்கனைத் தொடாமல் அச்சிட்ட கோட்டின் மேலேயே நிற்கட்டும்.

நீலக் கலங்களில்தான் வேலை செய்ய வேண்டும் என்றால், கண்ணாடித் தூளோடு பசை தயாரித்துத் திரையில் அச்சிடுவதைவிடக் குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை. அதற்குப் புறக்கோட்டையில் சட்டைகளுக்கு அச்சிடும் திரையை எடுத்துவராதீர்கள். அதன் கண்கள் பெரிது. விரல் கோடு கயிறு போல வரும். எங்களிடம் இருந்தது அங்குலத்துக்கு 325 இழைகள் கொண்ட உருக்கு வலை. சுடுவதற்கு, பெட்டி உலையை முதலே முழுச் சூட்டில் வைத்துக்கொண்டு, மெல்லிய குவார்ட்ஸ் தட்டில் கலத்தை உள்ளே தள்ளி, சில விநாடிகளில் இழுத்துவிடுங்கள். பட்டி உலைக்கு ஈடாகாது. முத்தாகும் வரை வேகவைப்பதைவிட மேல். முகக் கவசமும் நீண்ட இடுக்கியும் இல்லாமல் அந்தக் கதவைத் திறக்க வேண்டாம்.

வெள்ளவத்தை மாணவி எழுதியது:

இரண்டு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். வெறும் சிலிக்கன் துண்டில் விரலின் இரு முனைகளுக்கிடையே முதலில் அளந்தேன். 31 ஓம். கணக்கு 30 என்றது. இத்தனை மாதங்களாக ஒரு சாதாரணத் தடைமானியை அந்தக் கோட்டில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை என்பதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

தட்டை 60 பாகையில் வைத்துப் பன்னிரண்டு தடவை அச்சிட்டேன். அகலம் 120 மைக்ரோமீற்றருக்குப் பரவியது. ஆனாலும் தடை 3.1 ஓமுக்கு இறங்கியது. எட்டாவது தடவையில் துளையொன்று அடைத்ததால் இரண்டு விரல்களில் சிறிய இடைவெளி விழுந்தது. அந்தத் துண்டை ஒதுக்கிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. ஐயா சொன்னபடி செம்புப் பட்டியும் ஒட்டினேன். நிரப்புக் காரணி 0.41இலிருந்து 0.61க்கு வந்திருக்கிறது. மையில் ஒரு துளி மாற்றமும் செய்யவில்லை.

தொடுதடையை அளந்ததில் பட்டிக்குப் பட்டி வேறுபாடு பெரிது. தொடுகைப் பரப்பால் பெருக்கிப் பார்த்தால் 8 முதல் 60 மில்லி ஓம் சதுர சென்ரிமீற்றர் வரை வருகிறது. வெட்டிய அன்றே அச்சிட்ட பட்டிகளில் குறைவாகவும், இரண்டு நாட்கள் மேசையில் கிடந்தவற்றில் கூடவும் இருப்பதால், சிலிக்கனின் மேல் இயல்பாக வளரும் ஒட்சைட்டுப் படையைச் சந்தேகிக்கிறேன். எங்கள் அறையின் ஈரப்பதனும் அதற்குத் துணைபோகக்கூடும். எஞ்சியுள்ள நட்டத்தில் ஒரு பங்கு வெட்டிய ஓரங்களில் நடக்கும் கசிவு என்பதும் ஒளி படாமல் செய்த அளவீட்டில் தெரிகிறது. துண்டுகளை இனி வைர ஊசியால் கீறி உடைக்காமல், பின்புறத்திலிருந்து வெட்டித் தரும்படி கேட்கவிருக்கிறேன்.

கலப்புச்சந்திக் கலத் துண்டுகள் நான்கைந்து அனுப்பிவைப்பதாக வெளிநாட்டில் உள்ள ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். ஆய்வின் தலைப்பிலிருந்து 'உயர் கடத்துதிறன்' என்ற சொற்களை எடுத்துவிட்டு 'விரற் கோட்டுத் தடை' என்று எழுதச் சொல்லி மேற்பார்வையாளர் நேற்றுத் தலைப்புத் தாளைத் திருப்பித் தந்தார். துண்டுகள் வந்ததும் இதே இழையில் அளவீடுகளைப் பதிவிடுகிறேன்.